மாட்டுக்குக் காதுல தோடு, படத்துக்கு?



போன மாதம் எங்க தெருக்கோடியில ஒரு பாட்டி தவறிட்டாங்க. நடவு ஆளுங்களுக்கு முப்பது வருஷமா முன்ன நின்னவங்க. திருப்பூர்ல வேலை பார்க்கும் அவங்க பேரன் என்கிட்ட வந்தான். "தாத்தா, எங்க அப்பாயி நடவு நடுறப்ப நீங்க போட்டோ எடுத்தீங்களாமே? வீட்டுல ஆதார் அட்டைப் படத்த விட்டா ஒண்ணுமில்ல. கருமாதிக்குள்ள கிடைக்குமா?"

எடுத்தது நல்லா ஞாபகம் இருக்கு. 2011 புரட்டாசி, சம்பா நடவு. கையில நாத்து முடியோட நிமிர்ந்து சிரிச்சாங்க. ஆனா என் ஹார்டு டிஸ்க்கில இருபதாயிரம் படத்துக்கு மேல கிடக்கு. 2011 ஃபோல்டர் முழுக்கத் தேடினேன், இல்லை. கருமாதி முடிஞ்சு போச்சு. ஆதார் படத்தையே பெரிசு பண்ணி மாலை போட்டாங்க.

ஒன்பது நாள் கழிச்சுக் கிடைச்சது. எங்கே? 2008 ஜனவரி 1-ல! நான் கேமரா வாங்கினதே 2009-ல. பேட்டரியைக் கழற்றி ரொம்ப நாள் வைத்திருந்ததில் கேமரா கடிகாரம் பழைய தேதிக்குப் போயிருக்கு. நானும் பார்க்காம ஓகே அமுக்கியிருக்கேன். அந்த நடவுப் படம் அத்தனையும் பொய்த் தேதியோட உட்கார்ந்திருக்கு.

பிரிண்ட் போட்டுக் கொண்டு போய்க் கொடுத்தேன். பையன் கண் கலங்கிட்டான். அப்புறம் கேட்டான், "பக்கத்துல நிக்கிறவங்கல்லாம் யாரு தாத்தா?" எட்டுப் பேர்ல அஞ்சு பேரைச் சொன்னேன். மூணு பேர் பேரு வரல. அன்னைக்கு ராத்திரி தூக்கம் பிடிக்கல.

சரி, விஷயத்துக்கு வரேன். நாம எடுக்கிற ஒவ்வொரு படத்துக்குள்ளயும் கண்ணுக்குத் தெரியாத ஒரு சீட்டு இருக்கு. மெட்டாடேட்டாங்கிறாங்க. அதுல கேமரா தானா எழுதுற பகுதி எக்ஸிஃப். 1995-ல ஜப்பான்ல வந்த முறை. தேதி, நேரம், ஷட்டர் வேகம், போன்ல லொகேஷன் போட்டிருந்தா எடுத்த இடம் எல்லாம் அதுல பதிவாகிடும். தலைப்பு, பேரு, ஊருன்னு நாம எழுதுறதுக்கும் அதே கோப்புக்குள்ள இடம் இருக்கு.

நம்ம ஆளுங்களுக்குப் புரியிற மாதிரி சொல்றேன். ஃபோல்டர்ங்கிறது கொட்டகை. மாடு கொட்டகை மாறினா எந்த மாடுன்னு தெரியாது. அதனாலதான் காதுல பன்னிரண்டு இலக்கத் தோடு குத்துறாங்க. மாட்டை வித்தாலும் தோடு கூடவே போகும். படத்துக்குள்ள எழுதின பேரும் அப்படித்தான், காப்பி பண்ற இடத்துக்கெல்லாம் கூடவே போகும்.

"இப்ப போனே முகத்தைக் கண்டுபிடிச்சிடுதே, எதுக்கு இந்தப் பாடு?"ன்னு என் மகன் கேட்டான். ஒரே முகத்தைச் சேர்த்து வைக்கும்ப்பா, சரிதான். ஆனா அவங்க யாரு, எந்த வயல், அன்னைக்கு நட்டது சம்பாவா தாளடியா, அதெல்லாம் அதுக்கு எப்படித் தெரியும்? தெரிஞ்ச நாம இருக்கும்போதே எழுதினாத்தான் உண்டு. நல்ல கேமரா, விலை உசந்த லென்ஸுன்னு அலையுற என் வயசுக்காரங்களுக்கு நான் சொல்றது இதுதான்: புதுசா எடுக்கிறதைக் கொஞ்சம் குறைச்சுக்குங்க, எடுத்ததுக்குப் பேரு எழுதுங்க.

பெரிய வித்தை ஒண்ணுமில்ல. விண்டோஸ்ல ஜேபெக் படத்து மேல ரைட் கிளிக் பண்ணி, ப்ராபர்ட்டீஸ், டீட்டெய்ல்ஸ் போனா டைட்டில், டேக்ஸ்னு இருக்கும். தமிழ்லயே எழுதலாம். நிறைய படம் இருந்தா டிஜிகேம்னு ஒரு இலவச மென்பொருள் இருக்கு. தப்புத் தேதியை மொத்தமா நகர்த்தவும் அதுல வழி உண்டு. என் நடவுப் படங்களை அதுலதான் சரி பண்ணினேன். ஆனா எழுதுறது கோப்புக்குள்ளயும் பதியற மாதிரி செட்டிங்ஸ்ல டிக் இருக்கான்னு பார்த்துக்குங்க. ஆரம்பிக்கும் முன்னாடி ஒரு காப்பி தனியா எடுத்து வைங்க.

இன்னும் ரெண்டு. வாட்ஸ்அப்ல படமா அனுப்பினா உள்ளே இருக்கிற விவரம் போயிடும், டாக்குமெண்டா அனுப்பினா தங்கும். மயில் முட்டையிட்ட இடம், ஆந்தைப் பொந்து மாதிரி படங்களைப் பொதுவுல போடுறப்ப லொகேஷனை மட்டும் எடுத்துடுங்க. வேட்டைக்காரனுக்கு நாமே வழி காட்டக் கூடாது.

எனக்கு 68 ஆகுது. ராத்திரி சாப்பிட்டதும் பத்துப் படம்னு கணக்கு வச்சிருக்கேன். இப்படிப் போனா அஞ்சாறு வருஷம் ஆகும். ஆகட்டும். அந்த நடவுப் படத்தை எடுத்துக்கிட்டு, அதுல இருக்கிற ஒரு அக்கா வீட்டுக்குப் போனேன். கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுப் பார்த்து ரெண்டு பேரைச் சொல்லிட்டாங்க. வீட்டுக்கு வந்ததும் எழுதிட்டேன். மூணாவது ஆளு, ஓரத்துல முக்காடு போட்டு நிக்கிறவங்க, யாருன்னு அவங்களுக்கும் தெரியல. அசலூர்ல இருந்து கூலிக்கு வந்தவங்களா இருக்கும்ங்கிறாங்க. இன்னும் விசாரிச்சுக்கிட்டிருக்கேன்.