ஜப்பான் மொழி கற்க எவ்வளவு பணம் வேண்டும்?



சென்ற ஆண்டு ஒரு நாள் மாலை. எங்கள் கல்லூரி இயற்பியல் சோதனைக்கூடத்தைப் பூட்டும் நேரம். முதலாண்டு மாணவன் ஒருவன் வாசலில் தயங்கித் தயங்கி நின்றுகொண்டிருந்தான். "என்னப்பா?" என்றேன்.

"சார், ஜப்பான் மொழி படிக்கணும்னு ஆசை. ஒரு பயிற்சி நிலையத்துல முழுப் பணத்தையும் முன்னாலேயே கட்டச் சொல்றாங்க. அம்மா தோட்டை அடகு வைக்கிறேன்னு சொல்றாங்க. கட்டிடலாமா சார்?"

"கட்டாதே. மூன்று மாதம் பொறு" என்றேன்.

நான் ஏன் அப்படிச் சொன்னேன்? காரணம் என் சொந்த அனுபவம்தான். முதுகலை முடித்த புதிதில் நானும் இதே ஆசையில் ஒரு நிலையத்தில் பணம் கட்டினேன். ஆறு வாரம் போனேன். பிறகு மழை, பரீட்சை, வேலை தேடும் கவலை என்று ஒவ்வொன்றாக வந்தது, நின்றுவிட்டேன். கட்டிய பணம் திரும்பவில்லை. தடிமனான அந்தப் புத்தகம் பல ஆண்டுகள் பரணில் கிடந்தது. நாற்பது வயதுக்கு மேல் மறுபடி தொடங்கினேன். இம்முறை அநேகமாகச் செலவே இல்லை. ஆனால் இம்முறைதான் மொழி வந்தது! எனக்கு முன்பு குறைவாக இருந்தது பணமல்ல, தினசரி அரைமணி நேரம் என்பது அப்போதுதான் புரிந்தது.

என் கருத்து இதுதான்: முதல் மூன்று மாதங்களுக்கு ஜப்பான் மொழிக்காக ஒரு நோட்டுப் புத்தகத்தின் விலைக்கு மேல் செலவு செய்யாதீர்கள். அதற்குப் பிறகும் ஆசை குறையாமல் இருந்தால், எதற்குச் செலவிட வேண்டும் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

கையில் இருக்கும் முதல்

வியாபாரத்துக்கு முதல் வேண்டும் அல்லவா? ஜப்பான் மொழி கற்க உங்களிடம் ஏற்கெனவே ஒரு நல்ல முதல் இருக்கிறது. அது தமிழ்.

"வதாஷி வா மிஸு ஓ நோமிமஸ்." இது ஒரு ஜப்பானிய வாக்கியம். வதாஷி என்றால் நான். மிஸு என்றால் தண்ணீர். 'ஓ' என்பது நம் இரண்டாம் வேற்றுமை உருபாகிய 'ஐ' போன்றது. நோமிமஸ் என்றால் குடிக்கிறேன். 'வா' என்பது எதைப்பற்றிப் பேசுகிறோம் என்று காட்டும் சொல். வரிசையைப் பாருங்கள்: நான் தண்ணீரைக் குடிக்கிறேன். வினைச்சொல் கடைசியில்! ஆங்கிலம் பேசுவோர் பழகிக்கொள்ளத் திணறும் இந்த வரிசை நமக்குத் தாய்ப்பாலோடு வந்தது.

இன்னொன்று: 'தபேதே மிரு'. தபேதே என்றால் சாப்பிட்டு. மிரு என்றால் பார். சாப்பிட்டுப் பார்! நாம் சொல்வது போலவே, கண்ணால் பார்ப்பதற்காக அல்ல, முயன்று பார் என்னும் பொருளில் அவர்களும் சொல்கிறார்கள். மேலும் பாருங்கள்: பேசுகிறவர் அருகில் இருப்பது 'கொரே', கேட்கிறவர் அருகில் இருப்பது 'சொரே', இருவருக்கும் தொலைவில் இருப்பது 'அரே', வினா 'தொரே'. நமக்கும் இது, உது, அது, எது என்று நான்கு உண்டு. 'உது' யாழ்ப்பாணத்தில் இன்றும் பேச்சில் வழங்குகிறது.

எழுத்து வரிசையும் பழகியதுதான். உயிர் ஐந்து: அ, இ, உ, எ, ஒ. மெய் வரிசை: க, ஸ, த, ந, ஹ, ம, ய, ர, வ. இதில் 'ஹ' பழங்காலத்தில் 'ப'வாக ஒலித்தது என்பது மொழியியலாளர் கருத்து. அந்த இடத்தில் 'ப' போட்டுச் சொல்லிப் பாருங்கள். நம் நெடுங்கணக்கு கேட்கிறதல்லவா? இதில் மாயம் ஒன்றுமில்லை. சித்தம் என்னும் இந்திய எழுத்தில் வடமொழி பயின்ற ஜப்பானியப் பௌத்தத் துறவிகள் வழியாக அந்த வரிசை அங்கே சென்றது.

உடனே, "அப்படியானால் தமிழும் ஜப்பான் மொழியும் உறவா?" என்று கேட்பீர்கள். சுசுமு ஓனோ (1919–2008) என்ற ஜப்பானிய அறிஞர் அப்படித்தான் வாதிட்டார். மொழியியலாளரில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. வினை கடைசியில் வரும் வழக்கம் துருக்கி, கொரிய, மங்கோலிய மொழிகளிலும் உண்டு. ஒற்றுமை வேறு, உறவு வேறு. விஞ்ஞானம் படிக்கும் நாம் ஒற்றுமையைப் பயன்படுத்திக்கொள்வோம். உறவை நிரூபிப்பது ஆராய்ச்சியாளர்கள் வேலை.

தமிழ் எழுத்தில் எழுதிப் படிக்காதீர்கள்

இங்கே ஓர் எச்சரிக்கை. பலர் ஜப்பானியச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதி மனப்பாடம் செய்கிறார்கள். நான் இந்தக் கட்டுரையில் வேறு வழியின்றி அப்படி எழுதியிருக்கிறேன், நீங்கள் செய்யாதீர்கள். 'சாவி'க்கு ஒரு சொல், 'சீமைப் பனிச்சை' என்னும் பழத்துக்கு ஒரு சொல். இரண்டையும் தமிழில் 'ககி' என்றுதான் எழுத முடியும். சாவிக்கு இரண்டாம் எழுத்து 'அங்கே' என்பதில் உள்ள 'கே' போல் மெலிந்து ஒலிக்க வேண்டும். பழத்துக்கு 'பக்கம்' என்பதில் உள்ளது போல் வலிந்து ஒலிக்க வேண்டும். ஜப்பானிய எழுத்தில் இரண்டு சிறு கோடுகள் இந்த வேறுபாட்டைக் காட்டிவிடும்.

ஆகவே முதல் வேலை எழுத்துதான். ஹிரகானாவில் அடிப்படை எழுத்துகள் 46. பிறமொழிச் சொற்களை எழுதப் பயன்படும் கதகானாவிலும் 46. கட்டம் போட்ட கணக்கு நோட்டு ஒன்று வாங்குங்கள். கட்டத்துக்கு ஓர் எழுத்து. நாளுக்கு ஐந்து எழுத்து. பத்து நாளில் ஹிரகானா, அடுத்த பத்து நாளில் கதகானா. கோடுகளை எந்த வரிசையில் இழுக்க வேண்டும் என்பதையும் முதலிலேயே பழகிவிடுங்கள். பின்னால் திருத்துவது கடினம்.

மூன்றாவது வகை, சீனாவிலிருந்து வந்த கான்ஜி. அன்றாட வழக்குக்கென்று 2010-ல் திருத்திய அரசுப் பட்டியலில் 2,136 எழுத்துகள். மலைக்க வேண்டாம்! ஜப்பானில் ஒன்றாம் வகுப்புக் குழந்தை ஓர் ஆண்டில் கற்பது 80 மட்டுமே. தொடக்கப்பள்ளியின் ஆறு ஆண்டுகளிலும் சேர்த்து 1,026.

அந்த எழுத்துகளுக்குள் விஞ்ஞானம் ஒளிந்திருக்கிறது. 'தென்' என்று ஒலிக்கும் ஓர் எழுத்து மின்னைக் குறிக்கும். தென்கி மின்சாரம்; தென்ஷா மின்ரயில்; தென்வா தொலைபேசி. 'ஷி' என்பது நுண்ணிய பொருளைக் குறிக்கப் பெயர்களின் கடைசியில் வரும் எழுத்து. கென்ஷி என்றால் அணு, புன்ஷி என்றால் மூலக்கூறு. அப்படியானால் தென்ஷி என்ன? நீங்களே சொல்லிவிட்டீர்கள்: எலெக்ட்ரான்! நமக்குத் தெரிந்த 'சுனாமி'யும் இப்படித்தான். 'ட்சு' என்றால் துறைமுகம், 'நாமி' என்றால் அலை.

செருப்புப் பெட்டி இயந்திரம்

படித்தது மறந்துபோகிறதே, என்ன செய்வது? ஜெர்மானியரான ஹெர்மன் எபிங்ஹாஸ் பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து 1885-ல் நூலாக வெளியிட்டார். மறதி முதலில் வேகமாகவும், போகப்போக மெதுவாகவும் நடக்கிறது. மறக்கும் தறுவாயில் ஒருமுறை நினைவுபடுத்திக்கொண்டால் அடுத்த முறை அதிக நாள் தாங்கும். 1972-ல் செபாஸ்தியான் லைட்னர் என்பவர் இதற்கு ஓர் எளிய பெட்டியைச் சொன்னார்.

நீங்களே செய்யலாம். பழைய கல்யாணப் பத்திரிகைகளைச் சீட்டுகளாக வெட்டுங்கள். ஒரு பக்கம் ஜப்பானியச் சொல், மறுபக்கம் தமிழ்ப் பொருள். செருப்பு வாங்கிய காலிப் பெட்டியில் அட்டை வைத்து ஐந்து அறைகளாகத் தடுங்கள். புதிய சீட்டு முதல் அறையில். சரியாகச் சொன்னால் அடுத்த அறைக்குப் போகும். தவறினால், எந்த அறையில் இருந்தாலும், முதல் அறைக்குத் திரும்பும். நான் வைத்துக்கொண்ட கணக்கு: முதல் அறையை நாள்தோறும் பார்ப்பது, மற்றவற்றை முறையே 2, 4, 8, 16 நாளுக்கு ஒருமுறை.

இப்போது ஒரு கணக்கு. ஒருமுறைகூடத் தவறாத சீட்டு கடைசிச் சோதனையையும் தாண்ட எத்தனை நாள்? 1+2+4+8+16 = 31 நாள். அந்த ஒரு மாதத்தில் அதை எத்தனை முறை பார்த்தீர்கள்? ஐந்தே முறை! தினமும் பார்த்திருந்தால் 31 முறை. மிச்சமான 26 முறையும் உங்களுக்கு வராத சொற்களுக்குப் போகும். இதே வேலையைக் கணிப்பொறியில் செய்யும் 'அங்கி' என்ற மென்பொருளும் உண்டு. கணிப்பொறியிலும் ஆண்ட்ராய்டு கைப்பேசியிலும் அது இலவசம். ஐபோனில் மட்டும் விலை உண்டு. வீட்டில் ஒரே கைப்பேசி, அதுவும் அப்பா வேலைக்கு எடுத்துப்போய்விடுகிறார் என்றால் செருப்புப் பெட்டியே சிறந்தது.

விலையில்லாப் புத்தகங்கள்

பாடப்புத்தகம் வேண்டாமா? வேண்டும். ஜப்பானிய மொழியையும் கலைகளையும் பிற நாடுகளில் பரப்ப 1972-ல் தொடங்கப்பட்ட நிறுவனம் ஜப்பான் பவுண்டேஷன். அது வெளியிட்ட 'இரோதோரி' என்ற பாடநூல் மூன்று தொகுதி. தொகுதிக்கு 18 பாடம். புத்தகத்தையும் ஒலிப்பதிவுகளையும் இணையத்திலிருந்து இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஒருமுறை இறக்கிவிட்டால் பிறகு இணைய இணைப்பு தேவையில்லை. கடையில் பொருள் வாங்குவது, மருத்துவரிடம் பேசுவது என்று வாழ்க்கைக்கான பாடங்கள். அதே நிறுவனத்தின் 'மினாதோ' இணையப் பள்ளியில் தாமே படிக்கும் வகுப்புகள் கட்டணமின்றி நடக்கின்றன.

அகராதிக்கு, ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜிம் பிரீன் 1991-ல் தொடங்கிய திட்டம் இருக்கிறது. தன்னார்வலர் பலர் சேர்த்து வளர்த்த அந்த ஜப்பானிய-ஆங்கில அகராதிதான் இன்று பல இலவச அகராதிகளுக்கு அடிப்படை. படித்துப் பழக, 'ததோகு' என்ற அமைப்பு மிக எளிய படக்கதைகளைப் படிப்படியாகத் தரம் பிரித்து இலவசமாகத் தருகிறது. ஜப்பானிய மொழித் திறன் தேர்வை நடத்துவோரும் பயிற்சி வினாக்களைத் தங்கள் இணையதளத்தில் விலையின்றி வைத்திருக்கிறார்கள். இந்தியாவில் அத்தேர்வு நடைபெறும் நகரங்களில் சென்னையும் ஒன்று.

ஒரு சின்னக் குறை: இவற்றில் பெரும்பாலானவை ஆங்கிலம் வழியாகச் சொல்லித்தருபவை. ஆகவே உங்கள் ஆங்கிலமும் கூடவே வளரும்! ஒன்று மட்டும் சொல்கிறேன்: எல்லாவற்றையும் ஒரே நாளில் இறக்கிக் குவித்துவிட்டுப் படித்ததாக எண்ணிக்கொள்ளாதீர்கள். ஒரு பாடநூல், ஒரு பெட்டி, ஒரு நோட்டு. மூன்று மாதத்துக்கு இது போதும்.

ஆசிரியர் வேண்டாமா?

நானே ஆசிரியன். ஆசிரியர் வேண்டாம் என்று சொல்வேனா? 'ஹஷி' என்று குரலை உயர்த்தித் தொடங்கித் தாழ்த்தினால் டோக்கியோவில் உணவுக் குச்சி. தாழ்த்தித் தொடங்கி உயர்த்தினால் பாலம். நம் காது இதைத் தானாகப் பிடிக்காது. நாம் எழுதிய வாக்கியத்தில் உள்ள தவற்றையும் பெட்டி சொல்லாது. மொழித் திறன் தேர்விலோ பேச்சுப் பகுதியே கிடையாது. எனவே பேசுவதற்கும் திருத்துவதற்கும் ஒரு கட்டத்தில் ஆசிரியர் கட்டாயம் வேண்டும். ஆனால் எழுத்தைக் காட்டித்தர மட்டும் அவருக்குப் பணம் கொடுப்பானேன்? எழுத்தும் முந்நூறு சொல்லும் தெரிந்துகொண்டு, கை நிறையச் சந்தேகங்களோடு அவரிடம் போங்கள். அப்போது கொடுக்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் பலன் உண்டு. வேலை நிச்சயம் என்று சொல்லி மொத்தப் பணத்தையும் முன்னதாகக் கேட்பவரிடம் மட்டும் இரண்டு முறை யோசியுங்கள்.

"இயந்திரமே மொழிபெயர்த்துவிடுகிறதே, எதற்கு இந்தப் பாடு?" என்று சிலர் கேட்கலாம். இயந்திரம் தவறு செய்கிறதா இல்லையா என்று பார்க்கவாவது ஒருவருக்கு மொழி தெரிய வேண்டும் அல்லவா? உலகப் போரின் நடுவே, 1943-ல், ஷின் இச்சிரோ தோமோனாகா குவாண்டம் மின் இயக்கவியலில் ஒரு முக்கியமான கட்டுரையை ஜப்பானிய மொழியில் வெளியிட்டார். அது ஆங்கிலத்தில் வந்தது 1946-ல். போரும் மொழியும் சேர்ந்து அதை மறைத்துவைத்திருந்தன. பின்னர் 1965-ல் ஷ்விங்கர், ஃபைன்மன் ஆகியோருடன் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஒரு மொழி தெரிந்தால் ஒரு சன்னல் திறக்கிறது. அந்தச் சன்னல் பணம் உள்ளவர் வீட்டில் மட்டும் இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

அந்த மாணவன் என்ன ஆனான்? அவனோடு சேர்ந்து அவன் நண்பர்கள் இருவரும் நோட்டு வாங்கினார்கள். இரண்டாவது வாரத்தில் அந்த இருவரும் நின்றுவிட்டார்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எல்லோருக்கும் எல்லாம் பிடிக்க வேண்டுமா என்ன? அவர்கள் இழந்தது ஆளுக்கு ஒரு நோட்டு. அதில் மீதிப் பக்கங்களில் கணக்குப் போடுகிறார்கள்! இவன் மட்டும் மூன்று மாதம் முடித்தான். இப்போது பேச்சுப் பழக, மாதந்தோறும் சிறு கட்டணம் வாங்கும் ஆசிரியர் ஒருவரிடம் போகிறான். அடகுக் கடைக்கு யாரும் போகவில்லை.

நீங்களும் தொடங்கிப் பாருங்கள். இன்றைக்கு ஐந்து எழுத்து போதும்.