எடுத்தலும் வைத்தலும்

கைத்துப்பாக்கியை உறையிலிருந்து மின்னலென எடுப்பவனைத் திரைப்படங்கள் வீரனென்று கொண்டாடுகின்றன. அவன் அதனை விரலிலே சுழற்றி, கண்ணால் நோக்காமலே இடுப்பிலுள்ள உறைக்குள் செருகும்போது இளைஞர்கள் கைதட்டுகின்றனர். ஆனால், துப்பாக்கிப் பயிற்சி அளிக்கும் ஆசிரியர்கள் இக்காட்சியைக் கண்டால் முகஞ்சுளிப்பர். எடுப்பதிலும் பார்க்க வைப்பதிலேயே கூடிய கவனம் வேண்டுமென்பது அவர்களுடைய முதற் பாடங்களுள் ஒன்று.

அமெரிக்க மேற்குப் புலத்துக் கதைகளிற் புகழ்பெற்ற வையற் ஏர்ப் என்பவர், 1876ஆம் ஆண்டு சனவரி மாதத்திலே கன்சாஸ் மாநிலத்து விச்சிற்றா நகரிற் பொலிஸ் உத்தியோகத்தராக இருந்தார். ஒரு ஞாயிறு இரவு, மதுச்சாலையொன்றின் பின்னறையில் அவர் அமர்ந்திருந்தபோது, அவருடைய சுழல் துப்பாக்கி உறையிலிருந்து நழுவியது. அதன் சுத்தியல் நாற்காலியில் மோதவே வெடி தீர்ந்தது. குண்டு அவருடைய மேலங்கியைத் துளைத்து, சுவரிற் பட்டுத் தெறித்து, முகட்டின் வழியே வெளியேறியது. அக்காலத்துத் துப்பாக்கிகள் சுத்தியலில் விழும் அடியினாலேயே வெடிக்கக்கூடியவை. ஆதலின், ஆறு தோட்டாக்களுக்கு இடமிருந்தும் அனுபவமுள்ளோர் ஐந்தையே இட்டு, சுத்தியலின் கீழுள்ள அறையை வெறுமையாக விட்டனர்.

இன்றைய துப்பாக்கிகளிற் பெரும்பாலானவை கீழே விழுந்தாலும் வெடியாதவாறு அமைக்கப்பட்டவை. எனினும் ஆபத்து ஒழியவில்லை. அது இடம் மாறியிருக்கின்றது. ஒஸ்திரிய இராணுவம் 1982இல் தேர்ந்துகொண்ட குளொக் 17 என்னும் துப்பாக்கியிலே பெருவிரலால் மாற்றும் பாதுகாப்புத் தடை கிடையாது. உள்ளேயிருக்கும் தடைகள் யாவும் விசையை அழுத்தியதும் நீங்கிவிடும். ஏறத்தாழ 2.5 கிலோகிராம் அழுத்தம் போதும். அழுத்துவது விரலா, சட்டையின் தலைப்பா, மேலங்கியின் நாடாவா, நைந்து மடிந்த தோலுறையின் விளிம்பா என்று துப்பாக்கி கேட்பதில்லை. கை அதனை உறைக்குள் தள்ளுகின்றது. இடையில் அகப்பட்ட பொருளோ விசையை எதிர்ப்புறமாக அழுத்துகின்றது. அவ்வேளை துப்பாக்கியின் வாய் அதனை வைத்திருப்பவனின் தொடையை ஒட்டியே இருக்கும். தொடையிலுள்ள பெரிய இரத்தக்குழாய் அறுபடுமாயின் சில நிமிடங்களுள் உயிர் பிரிதலுங் கூடும்.

இதனைத் தவிர்க்கும் முறை கடினமானதன்று. முதலில், ஆபத்து உண்மையில் நீங்கிவிட்டதா என்று சுற்றிலும் நோக்கவேண்டும். சுட்டுவிரலை, விசையைச் சுற்றியுள்ள வளையத்துக்கு வெளியே, துப்பாக்கியின் பக்கத்தோடு நேராக நீட்டவேண்டும். பாதுகாப்புத் தடை உள்ள துப்பாக்கியாயின் அதனை இடவேண்டும். வெளியே தெரியும் சுத்தியல் இருப்பின் பெருவிரலை அதன்மேல் வைக்கவேண்டும். சுத்தியல் அசையத் தொடங்கினால் விரல் உடனே உணர்த்திவிடும். மற்றைக் கையால் ஆடையை நன்றாக விலக்கவேண்டும். ஆனால், அந்தக் கை துப்பாக்கியின் வாய்க்கு முன்னே வரலாகாது. பின்னர் உறையின் வாயைக் கண்ணாற் பார்த்து, மெல்ல இறக்கவேண்டும். சிறிது தடைபட்டாலும் அழுத்தித் தள்ளாது, வெளியே எடுத்துக் காரணத்தை ஆராயவேண்டும். உறையும் விசையை முற்றாக மூடுவதாய், வாய் மடியாது திறந்து நிற்கும் உறுதி உடையதாய் இருத்தல் வேண்டும். காற்சட்டையின் உட்புறத்தே உறையை அணிபவர்கள், உறையைத் தனியே கழற்றி, துப்பாக்கியை அதனுள் இட்டபின் இரண்டையும் சேர்த்து அணிவது மேலும் நன்று.

வேகத்தையே போற்றும் போட்டிகளிலும் இவ்வுண்மை மறக்கப்படவில்லை. செயன்முறைத் துப்பாக்கிப் போட்டிகளுக்கான சர்வதேசக் கூட்டமைப்பு 1976இல் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்திலே தோன்றியது. அதன் போட்டிகளில் நொடியின் நூறில் ஒரு பங்கும் கணக்கிடப்படும். ஆனால், கடைசி வெடியோடு அக்கணக்கு முடிந்துவிடும். அதன்பின் போட்டியாளர் தோட்டாக்களை நீக்கி, வெறும் அறையை நடுவருக்குக் காட்டி, துப்பாக்கியை உறையிலிட வேண்டும். இதற்கு நேரக் கணக்கு இல்லை. விரைந்து வைத்தவருக்குப் பரிசும் இல்லை. இவ்வேளையில் தவறுதலாக ஒரு வெடி தீர்ந்தாலோ, அவர் போட்டியிலிருந்தே விலக்கப்படுவார்.

எம்மிற் பலர் கைத்துப்பாக்கியைத் தொட்டும் அறியோம். ஆயினும், இதிலே எமக்கும் ஒரு பாடம் உண்டு. செயல் நடக்கும்போது மனம் விழித்திருக்கின்றது. முடிந்ததென்று எண்ணியதும் அது ஓய்ந்துவிடுகின்றது. கையோ இன்னும் கூரிய பொருளைப் பற்றியிருக்கின்றது. இரசாயன ஆய்வுகூடத்திலே அமிலத்தை அளந்து ஊற்றும்வரை மூச்சையும் அடக்கி நிற்கும் மாணவன், போத்தலை மூடி வைக்கும்போது பக்கத்திலிருப்பவனோடு பேச்சுக் கொடுக்கின்றான். காய்கறி அரியும்போது விரலைக் காத்துக்கொண்டவர், கத்தியைக் கழுவித் துடைக்கும்போது வெட்டிக்கொள்கின்றார்.

பதறாத காரியம் சிதறாது என்பர் பெரியோர். காரியம் என்பது எடுத்ததை உரிய இடத்திலே வைப்பதையும் உட்கொண்டது. வைத்துக் கையை எடுத்த பின்னரே அது முடிந்ததென்று கொள்க.