கோர்ட்டும் லீவு லெட்டரும்

சென்ற மாதம் நம் வகுப்பில் ஒன்பது வயதுப் பையன் ஒருவன் லீவு லெட்டர் நீட்டினான். மறுநாள் கோர்ட்டுக்குப் போக வேண்டியிருப்பதாக அவன் பாட்டியார் எழுதியிருந்தார். ஆனால் மறுநாள் மணி அடிக்கும் முன்பே அவன் பெஞ்சியில் உட்கார்ந்திருந்தான். "ஏனப்பா, போகவில்லையா?" என்று கேட்டோம்.

"வாய்தா ஸார்! அப்பாவுக்கு ஆபரேஷன்" என்றான். வாய்தா என்ற சொல் அவன் வாயில் வந்த சரளத்தைக் கேட்டுத் திடுக்கிட்டோம். பதின்மூன்றாம் வாய்பாடு கூட அவனுக்கு அவ்வளவு சரளமாக வராது!

பையன் யாரிடம் வளர்வது என்பதுதான் வழக்கு. இப்போது தகப்பனார் வீட்டில் இருக்கிறான். தாயாரைப் பார்ப்பதெல்லாம் விசாரணை நாட்களில், கோர்ட்டுத் தாழ்வாரத்தில்தான். வாய்தா என்றால் அதுவும் இல்லை.

பரீட்சைக் காலத்தில் மட்டும் வரும் வயிற்றுவலிக்கு எத்தனையோ ஸர்டிபிகேட்டுகளைப் பார்த்தவர்கள் நாம். ஆயினும் இந்த ஆபரேஷன் மெய்யானது. படுக்கையில் கிடப்பவரைக் கோர்ட்டுக்குத் தூக்கிவரச் சொல்வது நியாயமுமல்ல. விசாரணையில் ஒரு கக்ஷிக்கு மூன்று தடவைக்கு மேல் வாய்தா கூடாதென்ற வரம்பு, சிவில் நடைமுறைச் சட்டத்தில் 2002-இல் அமுலுக்கு வந்தது. கடும் நோயால் திடீரென்று ஆஸ்பத்திரியில் சேர்ந்தவரை அந்த வரம்பு கட்டிப்போடாது என்று 2005-இல் சுப்ரீம் கோர்ட்டே விளக்கிவிட்டது. வக்கீலுக்குக் காய்ச்சல் என்றால்தான் சட்டம் சற்று முகஞ்சுளிக்கிறது. வேறு வக்கீலை அமர்த்த நேரமிருந்ததா என்று கேட்கிறது.

ஆகவே வாய்தா கேட்டதில் நமக்கு ஆக்ஷேபமில்லை. அதை மட்டும் கேட்டுவிட்டுப் போனதில்தான் ஆக்ஷேபம். மனை வழக்கு ஒத்திப் போனால் மனை அங்கேயே கிடக்கும். பல் விழுந்து முளைக்கும் பிள்ளை அப்படிக் கிடப்பானா? ஒவ்வொரு வாய்தாவும், குழந்தை யார் வசம் இருக்கிறதோ அவர் பக்கம் தராசைச் சிறிது சாய்க்கிறது. நோயுற்றவர் அதை விரும்பாமலிருக்கலாம். பலன் என்னவோ அதுதான்.

இதற்குச் சட்டத்தில் வழியில்லாமலில்லை. 1890-ஆம் வருஷத்துக் கார்டியன் சட்டத்தின் 17-ஆவது பிரிவு மைனரின் க்ஷேமத்தையே முன்வைக்கிறது. 12-ஆவது பிரிவோ, வழக்கு முடியுமுன்பே மைனரைத் தற்காலிகமாக யாரிடம் விடுவதென்று உத்தரவிட அதிகாரமளிக்கிறது. வாய்தா மனுவோடு, அதுவரையில் குழந்தை எந்தக் கிழமையில் எங்கே தாயாரைச் சந்திப்பது என்று நான்கு வரி சேர்த்து எழுதினால் என்ன? ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் பேரனை அனுப்பிவைக்கப் பாட்டியாருக்கு ஆபரேஷனா நடந்திருக்கிறது?

பாட்டியார் பள்ளிக்கூடத்துக்கு வந்தபோது இதை மெள்ளச் சொன்னோம். "வக்கீலைக் கேட்கிறேன்" என்றார். கேட்டாரோ என்னவோ.

பையன் புதிய தேதியைக் கணக்கு நோட்டின் பின்னட்டையில் எழுதி வைத்திருக்கிறான். எட்டு வாரம் இருக்கிறது. அன்றைக்குக் கணக்குப் பரீட்சை. அவனுக்கு மட்டும் வேறொரு நாளில் வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறோம்.