ராணி மங்கம்மாளும் கதை சொல்கிறவர்களும்

சரித்திர நாவல் என்றாலே சில பேராசிரியர்கள் முகம் சுளிப்பார்கள். அது வரலாறு அல்ல, வெறும் கற்பனை என்பார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. ராஜா ராணி சமாசாரம் நம் தலைமுறைக்கு வாரப் பத்திரிகைத் தொடர்கதையாக வந்தது. பேரன் பேத்திகளுக்குத் திரையில் வருகிறது. வரட்டும். ஆனால் இறந்துபோன ஒருவர் மேல், அதிலும் ஒரு பெண் மேல், பழி விழும் இடத்தில் கதையோடு நின்றுவிடக் கூடாது. என் வழக்கு அவ்வளவுதான்.

கல்கியையே எடுத்துக்கொள்வோம். 'பொன்னியின் செல்வன்' 1950-ல் தொடங்கிய தொடர். 2022-லும் 2023-லும் இரண்டு பாகப் படமாக வந்தபோது மதுரைத் தியேட்டர்களிலும் நல்ல கூட்டம். நம் ஊர்க்காரர்கள் ஒன்றைக் கவனித்தார்களோ என்னவோ, அந்தக் கதையில் சதிகாரர்கள் எல்லாம் பாண்டியன் பக்கத்து ஆட்கள்! உடையார்குடிக் கல்வெட்டு இருக்கிறதே, அதில் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் ஆகியோரின் பெயர்கள் இருக்கின்றன. அவர்கள் ஏன் கொன்றார்கள் என்று அதில் இல்லை. நந்தினி என்ற பெண்ணே இல்லை. அவள் கல்கி பெற்ற பிள்ளை.

அகிலனின் 'கயல்விழி'யில் நியாயம் பாண்டியன் பக்கம் சாய்ந்துவிடும். அதைத்தான் எம்.ஜி.ஆர். 1978-ல் 'மதுரையை மீட்ட சுந்தரபாண்டியன்' என்று நமக்குக் காட்டினார். நாவலாசிரியருக்கு ஒரு கட்சி வேண்டும், ஒரு வில்லன் வேண்டும். அதில் குற்றமில்லை. நந்தினிக்காகப் படிக்கத் தொடங்கி, கல்வெட்டைத் தேடிப் போனவர்கள் எத்தனையோ பேர். கல்கி இல்லாவிட்டால் உடையார்குடி என்ற பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்?

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். எங்களுக்குச் சேர, சோழர் கதைக்கு முன்னால் பிரான்சு தேசத்து ராஜாக்கள் அறிமுகமாகிவிட்டார்கள். அலெக்ஸாந்தர் துய்மாவின் 'ராணி மார்கோ' நாவலில் ராஜமாதா கத்தரீன் ஒரு புத்தகத்தின் தாள்களில் விஷம் தடவி வைப்பாள். வேறொருவருக்கு வைத்த அந்த விஷத்தில் அவள் மகன் சார்ல் மன்னனே மாட்டிச் சாவான். உண்மையில் அந்த மன்னர் 1574-ல் நுரையீரல் நோயில் இறந்தவர். ஆனால் கத்தரீன் என்றாலே இன்றைக்கும் பலருக்கு விஷம்தான் ஞாபகம் வரும். பிள்ளைகளுக்காக ஆட்சி நடத்திய ஒரு விதவைக்குக் கிடைத்த பெயர் அது.

நம் மதுரைக்கும் அப்படி ஒரு ராணி உண்டு. கணவர் சொக்கநாத நாயக்கர் 1682-ல் போனார். மகன் 1689-ல் அம்மை கண்டு போனான். கைக்குழந்தைப் பேரன் விஜயரங்கனை வைத்துக்கொண்டு, பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ராஜ்யத்தைக் கட்டிக் காத்தார் மங்கம்மாள். வடக்கே முகலாயப் படை. அதற்குக் கப்பம் கட்டிச் சமாளித்தார். தெற்கே திருவிதாங்கூர், அங்கே தளவாய் நரசப்பய்யாவை அனுப்பினார். சாலை, சத்திரம், குளம் என்று செய்தார். ரயிலடிக்கு எதிரே மங்கம்மாள் சத்திரத்தை நாம் தினம் கடந்து போகிறோம். தமுக்கம் அரண்மனையோடும் அவர் பெயர் சேர்ந்தே வருகிறது. அங்கேதான் 1959 முதல் காந்தி மியூசியம் நடக்கிறது.

இத்தனை செய்தவரைப் பற்றி ஊரில் என்ன பேச்சு? அச்சய்யா என்ற அதிகாரியோடு தொடர்பாம். அதனால் பேரனே சிறையில் போட்டு, கண்ணுக்கு எதிரே சாப்பாட்டை வைத்துப் பட்டினியால் கொன்றானாம்.

நான் ஆயுசு முழுக்கக் கோப்பு பார்த்த குமாஸ்தா. ஆபீஸில் ஒரு புகார் வந்தால் மூன்று கேள்வி கேட்போம். யார் எழுதியது? எந்தத் தேதியில் எழுதியது? இதனால் யாருக்கு லாபம்? தேதி போட்டு, கையெழுத்து வைத்த தாள் ஒரு ரகம். வராந்தாப் பேச்சு இன்னொரு ரகம். மங்கம்மாள் மேல் உள்ள புகாரை நெல்சன் துரை தன் மதுரை நாட்டு நூலில் சேர்த்தது 1868-ல். ராணி மறைந்து நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, செவிவழி வந்ததை எழுதினார். லாபம் யாருக்கு? பேரனுக்கு வயது வந்ததும் அதிகாரத்தைப் பாட்டியிடமிருந்து பிடுங்க நினைத்தவர்கள் அரண்மனையில் இல்லாமலா இருந்திருப்பார்கள்? இது என் ஊகம்தான். ஆனால் அந்தப் பழிக்கு இருக்கிற ஆதாரம் இதைவிடப் பெரியது அல்ல.

அந்தக் காலத்திலேயே எழுதியவர்களும் உண்டு. பூஷே, மார்த்தேன் போன்ற ஏசு சபைப் பாதிரிமார்கள் இங்கிருந்து பிரெஞ்சில் எழுதிய கடிதங்கள் பாரிஸில் அச்சேறின. பிறகு பெர்த்ரான் பாதிரியார் 'மதுரை மிஷன்' என்று பழைய கடிதங்களைத் தொகுத்து 1847 முதல் நான்கு பாகம் வெளியிட்டார். அவர்களும் தங்கள் மதம் பரப்ப வந்தவர்கள். எல்லாவற்றையும் அந்தக் கண்ணாடி வழியாகத்தான் பார்த்தார்கள். ஆனாலும் தேதி இருக்கிறது, எழுதியவர் பெயர் இருக்கிறது. சத்தியநாத ஐயர் 1924-ல் மதுரை நாயக்கர் வரலாறு எழுதியபோது இக்கடிதங்களையும் கல்வெட்டுகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எழுதினார்.

நா. பார்த்தசாரதி 'ராணி மங்கம்மாள்' என்று நாவல் எழுதியிருக்கிறார். நாளைக்கு யாராவது இதையே வெப் சீரிஸ் எடுக்கலாம். எடுத்தால் அச்சய்யாவுக்கு நாலு பாட்டும், சிறைக்கு இரண்டு எபிசோடும் நிச்சயம். கப்பம் கட்டிப் போரைத் தவிர்த்த ராஜதந்திரத்துக்குப் பத்து நிமிஷம் கிடைத்தால் பெரிது. சாலை போட்டதற்கு அதுவும் கிடைக்காது.

அதனால் சொல்கிறேன். வீட்டில் பிள்ளைகள் ராஜா ராணி படம் பார்த்தால் தடுக்காதீர்கள். கூட உட்கார்ந்து நீங்களும் பாருங்கள். முடிந்ததும், "இதை யார் சொன்னது, எப்போது சொன்னது?" என்று ஒரு கேள்வி மட்டும் போட்டுவையுங்கள். நம்மைப் பற்றி நாம் போன பிறகு யாரோ எதையோ சொன்னால், அதையும் இப்படி ஒருவர் கேட்க வேண்டும் என்றுதானே நாமும் விரும்புவோம்? மங்கம்மாளுக்கு வந்து சாட்சி சொல்ல இன்று யாரும் இல்லை. அவர் கட்டிய சத்திரம்தான் நிற்கிறது.