டிராகன் பழம் சாப்பிட்டால் ரத்தம் ஊறுமா?

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஷிப்ட் முடியும் நேரத்தில் கம்பெனி பஸ்கள் நிற்கும் இடமெல்லாம் பழ வண்டிகள் நிற்கும். அதில் இப்போது நட்சத்திரம் டிராகன் பழம்தான். அறுத்து வைத்தால் கண்ணைப் பறிக்கும் சிவப்பு. "சாப்பிடும்மா, ரத்தம் ஊறும்" என்று சொன்னால் போதும், களைத்துப்போய் நிற்கும் பெண் பர்ஸைத் திறந்துவிடுவார்.

சரி, உண்மையிலேயே ஊறுமா?

முதலில் ஜாதகம். இது மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பக்கத்துக் கள்ளிச்செடி. இரவில் பூக்கும். 19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர்கள் வியட்நாமுக்குக் கொண்டு போனார்கள். குஜராத் அரசு 2021 ஜனவரியில் இதற்குக் 'கமலம்' என்று பெயரே மாற்றிவிட்டது! (பெயர் மாறினால் சத்து மாறுமா என்று கேட்கக் கூடாது.)

அந்தச் சிவப்பு இரும்புச்சத்து அல்ல. பீட்டலைன் என்கிற நிறமி, பீட்ரூட்டில் இருக்கும் அதே வகையறா. சிவப்புச் சதை உள்ள ரகத்தை நிறைய சாப்பிட்டால் மறுநாள் சிறுநீர் சிவந்து வரும், பயந்துபோய் டாக்டரிடம் ஓடுகிறவர்களும் உண்டு. இரும்புச்சத்து என்று பார்த்தால் அமெரிக்க வேளாண்மைத் துறைப் பட்டியலில் 100 கிராமுக்கு 1 மில்லிகிராம் கூட இல்லை. வயது வந்த இந்தியப் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 29 மில்லிகிராம் வேண்டும் என்பது ஐ.சி.எம்.ஆர். 2020இல் சொன்ன கணக்கு. அரை கிலோ தின்றாலும் 5 தேறாது.

பழத்தைக் குறை சொல்வதற்கில்லை. நூறு கிராமுக்கு சுமார் 60 கலோரிதான், நார்ச்சத்து 3 கிராம் வரும், மலச்சிக்கலுக்கு நல்லது. சர்க்கரை குறையுமா என்று 2017இல் பழைய ஆய்வுகளை எல்லாம் சேர்த்துப் பார்த்தார்கள். சர்க்கரை நோயின் விளிம்பில் இருப்பவர்களுக்குக் கொஞ்சம் குறைந்தது, நோய் வந்துவிட்டவர்களுக்குக் குறிப்பிடும்படி ஒன்றுமில்லை. ருசிக்காக வாங்குகிறவர் தாராளமாக வாங்கட்டும்.

வயிற்றெரிச்சல் எங்கே என்றால், வாங்குவது யார் என்பதில்தான். தேசிய குடும்பநல ஆய்வின்படி (2019-21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்த சோகை. இந்தத் தொழிற்பேட்டைகளில் எலெக்ட்ரானிக்ஸ் லைனில் நிற்பவர்கள் பெரும்பாலும் இருபதை ஒட்டிய பெண்கள். வல்லம் வடகாலில் 2024இல் திறந்த விடுதியில் மட்டும் 18,720 படுக்கைகள்! நைட் ஷிப்ட், தூக்கம் கெட்டு காலைச் சாப்பாட்டுக்கு டிமிக்கி, மாதவிடாய் ரத்தப்போக்கு வேறு. தலைசுற்றலுக்கு மருந்தென்று நம்பி அவர்கள் காசைப் போடுவது இந்தப் பழத்தில்.

காமர்ஸ் பாடத்தில் 'வாய்ப்புச் செலவு' என்று ஒன்று வரும். ஒன்றை வாங்குவதால் கைவிட்டுப் போகும் மற்றொன்றின் மதிப்பு. அதே காசுக்கு என்ன கிடைக்கும்? 100 கிராம் முருங்கைக்கீரையில் 4 மில்லிகிராமுக்கு மேல், கம்பில் 6 மில்லிகிராமுக்கு மேல், கொள்ளில் 8 மில்லிகிராமுக்கு மேல். இந்த இரும்பு உடம்பில் ஒட்ட வைட்டமின் சி வேண்டும். அதில் கொய்யா ராஜா, 100 கிராமில் 200 மில்லிகிராம் தாண்டும். டிராகன் பழத்தில் அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் கொய்யாவுக்கு யார் விளம்பரம் செய்கிறார்கள்?

இன்னொரு வில்லன் டீ. சாப்பிட்ட கையோடு குடித்தால் அதிலுள்ள டானின் இரும்பை உறிஞ்ச விடாது. ஒரு மணி நேரம் தள்ளிக் குடித்தால் பைசா செலவில்லாத லாபம். ஆனால் இடைவேளை அரை மணி நேரமாக இருந்தால் சாப்பாடும் டீயும் ஒன்றாகத்தான் போகும், அதற்குத் தொழிலாளியைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. கேண்டீன் மெனுவில் வாரம் இரண்டு நாள் கீரையும் கொள்ளுத் துவையலும் போடுவது நிர்வாகங்களின் கையில் இருக்கிறது.

ஹீமோகுளோபின் 12க்குக் கீழே போய்விட்டால் சாப்பாடு மட்டும் போதாது, மாத்திரையும் வேண்டும். அந்தச் சோதனையும் மாத்திரையும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். ஷிப்ட் நேரம் இடம் கொடுத்தால் போய் வாங்கிக்கொள்ளலாம்.