லைபீரியாவில் சமாதானம் நிலைத்தது எப்படி?

ஒரு தேசத்தில் அரசாங்கம் பெயரளவில் மட்டும் எஞ்சி, ஆயுதம் ஏந்தியவன் சொன்னதே சட்டம் என்ற நிலை உண்டாகிவிடும்போது, அங்கே அமைதியை நிலைநாட்ட முன்வரும் உலக நாடுகள் முதலில் கேட்பது எத்தனை ஆயிரம் துருப்புக்களை அனுப்புவது என்பது. அடுத்துக் கேட்பது எவ்வளவு சீக்கிரம் தேர்தலை நடத்திவிட்டுத் திரும்புவது என்பது. இரண்டும் அவசியமான கேள்விகளே. ஆனால் இவ்விரண்டுக்கும் நடுவே செய்யவேண்டிய காரியங்கள் செய்யப்படாவிட்டால் துருப்பும் பயன்படாது, தேர்தலும் பயன்படாது என்பதற்கு, மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள லைபீரியா சாட்சியாக நிற்கிறது. ஏறக்குறைய ஒரே விதமான சமாதானப் பிரயத்தனம் அந்தச் சிறிய தேசத்தில் ஒருமுறை தோற்றது, மறுமுறை பலித்தது.

1989 டிசம்பரில் சார்லஸ் டெய்லரின் கலகப்படை ஐவரி கோஸ்ட் எல்லையைத் தாண்டி உள்ளே புகுந்ததோடு தொடங்கிய உள்நாட்டு யுத்தத்தை நிறுத்த, நைஜீரியாவின் தலைமையில் அண்டை நாடுகள் மறு ஆண்டே படை அனுப்பின. ஒன்றன்பின் ஒன்றாகக் கையெழுத்தாகி முறிந்த பல உடன்படிக்கைகளுக்குப் பிறகு, 1996-இல் நைஜீரியத் தலைநகர் அபுஜாவில் ஏற்பட்ட இணக்கத்தின்படி 1997 ஜூலையில் தேர்தல் நடந்தது. டெய்லர் சுமார் 75 சதவிகித வாக்குகளைப் பெற்று ஜனாதிபதியானார். ஆயுதக் குழுக்கள் காகிதத்தில் கலைக்கப்பட்டிருந்தனவே ஒழிய, தளபதிகளின் பிடி தளரவில்லை. இந்த மனிதர் தோற்றால் மீண்டும் யுத்தம் மூளும் என்ற பீதியிலேயே பலர் அவருக்கு வாக்களித்தார்கள். தேசிய ராணுவத்தைப் பிராந்தியப் படையின் மேற்பார்வையில் திருத்தி அமைப்பது என்ற ஏற்பாட்டை, பதவிக்கு வந்தபின் அவர் தேச சுதந்திரத்தின் பேரால் நிராகரித்தார். 1999-இல் யுத்தம் திரும்பி வந்தது.

2003-இல், வெள்ளை உடை தரித்துத் தலைநகர் மன்ரோவியாவின் மீன்சந்தைக்கு அருகே வெயிலிலும் மழையிலும் அமர்ந்து சமாதானம் கோரிய ஸ்திரீகள், லேமா போவி என்ற பெண்மணியின் தலைமையில், கானா நாட்டின் அக்ராவில் பேச்சுவார்த்தை நடந்த இடம்வரை சென்று தலைவர்களை நெருக்கினார்கள். ஆகஸ்ட் 11-இல் டெய்லர் பதவி விலகி நைஜீரியாவுக்குப் போனார். ஒரு வாரத்தில் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. செப்டம்பரில் ஐக்கிய நாடுகளின் பாதுகாப்புச் சபை 15,000 துருப்புக்கள் கொண்ட படைக்கு அனுமதி அளித்தது.

இந்த இரண்டாம் முயற்சியும் தொடக்கத்தில் சறுக்கவே செய்தது. அந்த டிசம்பரில் தலைநகருக்கு அருகே முதல் முகாமைத் திறந்து, ஆயுதத்தை ஒப்படைப்பவர்களுக்குப் பணம் தருவதாக அறிவித்தவுடன், எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு பேர் வந்து குவிந்தார்கள்; பணம் உடனே கைக்கு வரவில்லை என்ற ஆத்திரத்தில் அவர்கள் தெருக்களில் சுட்டுக்கொண்டு திரிந்ததில் உயிர்கள் பலியாயின. அதிகாரிகள் அவசரப்படாமல் காரியத்தை நிறுத்தி, மேலும் துருப்புக்கள் வந்து சேரும்வரை காத்திருந்து, 2004 ஏப்ரலில் மறுபடி ஆரம்பித்தார்கள். ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் பதிவு செய்துகொண்டார்கள். கிடைத்த ஆயுதங்களோ சுமார் 28,000 தான். கணக்கில் இடைவெளி இருந்தபோதிலும், தளபதிக்கும் அவன் ஆட்களுக்கும் இடையே இருந்த கட்டு தளர்ந்தது.

அதற்குப் பிறகுதான், 2005-இன் பிற்பகுதியில், தேர்தல் வந்தது. எலன் ஜான்சன் சர்லீஃப் ஜனாதிபதியானார். பழைய ராணுவம் முழுவதும் கலைக்கப்பட்டு, ஒவ்வொருவனுடைய பூர்வோத்தரமும் விசாரிக்கப்பட்டு, சுமார் 2,000 பேர் கொண்ட புதிய படை திரட்டப்பட்டது. துறைமுகத்திலும் விமான நிலையத்திலும் வசூலான பணம் மந்திரிகளின் சட்டைப்பைக்குள் போய்விடாதபடி, அந்நிய நிபுணரும் சேர்ந்து ஒப்பமிட்டால்தான் செலவு செல்லும் என்ற ஏற்பாடும் நடைமுறைக்கு வந்தது. ஒரு சுதந்திர தேசத்தின் மானத்துக்கு இது உறுத்தலே. ஆயினும் காவலனுக்குச் சம்பளம் கொடுக்க வழியில்லாத அரசாங்கம் காவலனைத் தன் பக்கம் வைத்துக்கொள்ள முடியாது.

நம் தேசத்தின் பங்கையும் சொல்லவேண்டும். 2007-இல் மத்திய ரிசர்வ் போலீஸ் படையிலிருந்து நூற்றுக்கு மேற்பட்ட பெண் போலீஸார் மன்ரோவியா சென்று, ஜனாதிபதி அலுவலகத்தைக் காத்தும் இரவில் தெருக்களில் ரோந்து சுற்றியும் பணி செய்தார்கள். முறைமாற்றி வந்த அணிகளாக 2016 வரை அங்கே இருந்தார்கள். சீருடை அணிந்த மனிதனைக் கண்டாலே அஞ்சி ஒளிந்த ஸ்திரீகள், தங்களைப் போன்ற பெண்களே சட்டத்தைக் காப்பதைக் கண்டார்கள். அந்த ஆண்டுகளில் லைபீரியப் பாதுகாப்புத் துறையில் பெண்களின் விகிதம் 6 சதவிகிதத்திலிருந்து 17 சதவிகிதமாக உயர்ந்தது.

2014-இல் பரவத் தொடங்கிய எபோலா நோய் 4,800-க்கு மேற்பட்டோரை வாரிக்கொண்டு போனபோதும் அரசாங்கம் கவிழ்ந்துவிடவில்லை. பாதுகாப்புப் பொறுப்பு 2016 ஜூன் 30-இல் லைபீரியர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. 2018 மார்ச்சில்தான் ஐக்கிய நாடுகளின் பணி முடிவுற்றது. அதே ஆண்டு ஜனவரியில் சர்லீஃப், தேர்தலில் வென்ற ஜார்ஜ் வேயாவிடம் ஆட்சியை ஒப்படைத்தார்; 2023 தேர்தலில் வேயா தம் தோல்வியைத் தாமே ஒப்புக்கொண்டார்.

குறை இல்லாமல் இல்லை. டெய்லர் தண்டனை பெற்றது அண்டை நாடான சியரா லியோனில் இழைத்த குற்றங்களுக்காகவே. சுமார் இரண்டரை லட்சம் உயிர்களைக் குடித்த லைபீரிய யுத்தங்களுக்காக அந்நாட்டின் சொந்த நியாயஸ்தலம் எதன்முன்னும் நிறுத்தப்பட்டவர் எவருமில்லை. அது தீர்க்கப்படாத கடன்.

ஆனாலும் தேர்தலை முடிவாக எண்ணாமல், ஆயுதத்தையும் ராணுவத்தையும் கஜானாவையும் ஒழுங்கு செய்து, பதினைந்து ஆண்டு பொறுத்திருந்ததனால்தான் இந்தச் சமாதானம் நிலைத்தது. ஆகவே, துயருறும் ஒரு தேசத்துக்கு உதவ முற்படும் நாடுகள், முக்கியமாகத் தன் புதல்வர்களையும் புதல்விகளையும் அனுப்பும் நம்முடைய இந்தியா, படையை அனுப்பச் சம்மதிக்கும்போதே, அது எப்போது திரும்பும் என்பதை நாட்காட்டி தீர்மானிக்கக்கூடாது, அந்நாட்டின் சொந்தக் காவலர் தனித்து நிற்கும் திறமையே தீர்மானிக்கவேண்டும் என்ற நிபந்தனையைப் பாதுகாப்புச் சபையில் வற்புறுத்தவேண்டும்.