திரை மஞ்சளானால் தூக்கம் வருமா?

பெங்களூரின் தென்கோடியில், ஓசூர் சாலையை ஒட்டிய பொம்மசந்திராவில் இரவு என்பது பெயருக்குத்தான். தொழிற்பேட்டையில் ஷிப்ட் மாறுகிறது. பக்கத்து எலெக்ட்ரானிக் சிட்டியில் அமெரிக்கக் கடிகாரத்துக்கு வேலை நடக்கிறது. 2025 ஆகஸ்டில் திறக்கப்பட்ட மெட்ரோவின் மஞ்சள் தடம் முடிவதும் இங்கேதான். எல்லை தாண்டி வேலைக்கு வந்த தமிழ் இளைஞர்கள் பகிர்ந்துகொள்ளும் வாடகை அறைகளில் ஒரு பழைய சங்கடம் உண்டு. இரண்டு பேர் தூங்கும்போது மூன்றாமவருக்கு வேலை இருக்கும். விளக்கை அணைத்தாக வேண்டும். இருட்டில் லேப்டாப் திரை மட்டும் நீலம் பாரித்து எரியும். அரை மணியில் கண் உறுத்தும். படுத்தால் தூக்கம் பிடிக்காது.

இந்த நீலத்துக்கு அளவுகோல் இருக்கிறது. கொல்லன் உலையில் இரும்பு முதலில் சிவக்கும், பிறகு மஞ்சளாகும், பிறகு வெளுக்கும். அதற்கும் மேலே சூடேற்ற முடிந்தால் நீலம். இதைக் கெல்வினில் சொல்வதுதான் நிற வெப்பநிலை. மெழுகுவர்த்தி சுமார் 1,900. குண்டு பல்பு 2,700. பகல் வெளிச்சம் 6,500. (சூடு அதிகமான நிறத்தைத்தான் உலகம் 'குளிர்ச்சி' என்கிறது!) இன்றைய திரைகள் பெரும்பாலும் 6,500ஐ ஒட்டி அமைந்தவை. 90களின் கனத்த குழாய் மானிட்டர்கள் பல 9,300இல் வந்தன. நீலம் கலந்த வெள்ளை பளிச்சென்று தெரியும்.

பகலில் இது உறுத்தாது. இரவில் உறுத்தக் காரணம் வேறு. பார்ப்பதற்கான செல்கள் தவிர, ஒளியை உணரும் இன்னொரு வகைச் செல்லும் விழித்திரையில் இருப்பதை 2002இல் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் டேவிட் பெர்சன் குழு எலிகளில் காட்டியது. நீல ஒளிக்கு அதிகம் துடிக்கும் இச்செல்கள், 'இன்னும் பகல்தான்' என்று மூளையின் கடிகாரத்துக்குச் சேதி அனுப்புகின்றன. தூக்கத்துக்கு அழைக்கும் மெலடோனின் சுரப்பு தள்ளிப்போகிறது.

திரையை மாலையில் தானாக மஞ்சளாக்கும் எஃப்.லக்ஸ் மென்பொருள் 2009இல் வந்தது. 2016இல் ஆப்பிளின் ஐபோனிலும், 2017இல் விண்டோஸிலும் இதே வசதி சேர்ந்தது. ஆனால் பலன்? 2014இல் பாஸ்டனில் 12 பேரை வைத்து நடந்த ஆய்வில், படுக்குமுன் ஒளிரும் திரையில் படித்தவர்களுக்குத் தூக்கம் வர, அச்சுப் புத்தகம் படித்தபோது ஆனதைவிடச் சுமார் 10 நிமிடம் கூடுதலாயிற்று. அதுவும் திரை முழுப் பிரகாசத்தில், நான்கு மணி நேரம் படித்த பிறகு. 2021இல் பிரிகாம் யங் பல்கலைக்கழகம் 167 இளைஞர்களை ஆராய்ந்தது. போனை மஞ்சளாக்கியவர்களுக்கும் ஆக்காதவர்களுக்கும் தூக்கத்தில் வித்தியாசமே இல்லை.

ஆக, நிறத்தைவிடப் பிரகாசத்தைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். இருட்டில் கண்பாவை விரிந்து கிடக்கும்போது, ஓர் அடி தூரத்தில் எரியும் வெள்ளைச் சதுரம் கூசத்தான் செய்யும். கூடவே, திரை பார்க்கையில் இமைப்பதும் குறைந்து கண் காய்கிறது. திரையின் வெள்ளை, அறை வெளிச்சத்தில் பிடித்த காகிதம்போலத் தெரியும்வரை பிரகாசத்தைக் குறைக்கலாம். திரைக்குப் பின்னால் சுவரைப் பார்த்து ஒரு சின்ன விளக்கு எரியட்டும். தூங்குபவர் முகத்தில் விழாது. 'ஜீரோ வாட்' பல்பே போதும், நீல நிறத்தை மட்டும் தவிர்த்து. அந்த விளக்கின் நிறத்தை ஒட்டித் திரையையும் மஞ்சளாக்கினால் கண்ணுக்கு இதம்.

எல்லோருக்கும் இது ஒத்துவராது. கல்யாண ஆல்பம் வடிவமைப்பவர் மஞ்சள் திரையில் உட்கார்ந்தால், படம் மஞ்சளாக இருக்கிறதென்று நீலத்தைக் கூட்டிவிடுவார். அச்சில் மணப்பெண் முகம் நீலம் பூத்து வரும். சினிமாவுக்கு நிறம் திருத்தும் அறைகளும் மங்கலானவைதான். ஆனால் அங்கே திரையும் 6,500, பின்சுவர் விளக்கும் 6,500. அச்சுத் துறையில் மாதிரித் தாளைச் சரிபார்க்கும் ஒளி 5,000. மருத்துவமனைகளில் ஸ்கேன் பார்க்கும் இருட்டறைக் கதை இன்னும் விசித்திரம். பழைய எக்ஸ்ரே பிலிமின் அடித்தாள் நீலச் சாயல் கொண்டது. அதில் பழகிய கண்களுக்காக மருத்துவ மானிட்டர்கள் சிலவற்றில் நீலச் சாயலை வேண்டுமென்றே வைத்திருக்கிறார்கள்.

இரவு ஷிப்ட்காரருக்கோ கணக்கே தலைகீழ். நள்ளிரவு 2 மணிக்கு அவர் விழித்திருக்க வேண்டும். மஞ்சள் திரை அவருக்கு உதவாது. காலையில் கம்பெனி வேனில் ஜன்னலோரம் வரும்போது முகத்தில் அடிக்கும் வெயில் பல ஆயிரம் லக்ஸ். லேப்டாப் திரை தருவது சில பத்து லக்ஸ். பொம்மசந்திரா வந்து இறங்கும் அவருக்குத் தேவை, வழிக்கு ஒரு கறுப்புக் கண்ணாடியும் அறை ஜன்னலுக்கு ஒரு தடித்த திரைச்சீலையும்.